அக்காவிடம் கேட்காத வேலை

சைடு குவெஸ்ட் வெட்டி வேலை என்று நான் வாதாடாத இடமில்லை. வீடியோ கேமில் கதை என்று ஒன்று இருக்கிறது, ராட்சசனைக் கொல்ல வேண்டும். போய்க் கொல்ல வேண்டியதுதானே? வழியில் எவனோ ஆட்டைத் தொலைத்துவிட்டு நிற்பான், எவளோ மூலிகை கேட்பாள். கதையோடு ஒட்டாத இந்தச் சில்லறை வேலைதான் சைடு குவெஸ்ட். அதற்கெல்லாம் நின்றால் உருப்பட்ட மாதிரிதான். யாருக்கும் நிற்காமல்தான் எல்லாக் கேமையும் முடித்தேன்.

அக்கா நேர்மாறு. கல்யாணமான இரண்டே வருஷத்தில், திருவெண்ணெய்நல்லூர் சாலையில் லாரி அடித்து மாமா போய்விட்டார். அக்கா விழுப்புரத்தில் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தாள். பல மாதம் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பார்க்கச் சகிக்காமல் ஒரு மத்தியானம் கன்ட்ரோலரைக் கையில் கொடுத்தேன். பிடித்துக்கொண்டாள்.

ஆனால் ராட்சசன் இருக்கும் திசைக்கே போகமாட்டாள். ஆடு தேடுவாள், கடிதம் கொண்டுபோய்க் கொடுப்பாள், யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ காடு காடாக அலைந்து பூப் பறிப்பாள். கேமில் யாராவது உதவி கேட்டால், செய்கிறாயா, முடியாதா என்று திரையில் இரண்டு பட்டன் வரும். அக்கா உடனே அழுத்தமாட்டாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"இன்னாக்கா, ஆடு மேய்க்கவா இவ்ளோ பெரிய மெஷினு வாங்கனேன்? கதைய முடி, ஜல்தி."

"போடா. அவன் எவ்ளோ மரியாதையா கேக்கறான் பாரு. நம்ம தெருவுல எவளாச்சும் எங்கிட்ட ஒரு வேலை சொல்றாளா?"

சிரித்தேன். பாவி, சிரித்தேன். அவள் சொன்னது உண்மை. முன்பெல்லாம் தெருவில் எந்த விசேஷம் என்றாலும் கோலம் போடவும் ஆரத்தி கரைக்கவும் அவளைத்தான் தேடி வருவார்கள். இப்போது எதிர்வீட்டு வளைகாப்புக்கு அம்மாவை மட்டும் கூப்பிட்டார்கள்.

தை மாதம் எனக்குக் கல்யாணம் வைத்தார்கள், பெண்ணின் ஊரான திண்டிவனத்தில். தாலியில் முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவான், மற்ற இரண்டும் அவன் அக்காவோ தங்கையோ போடவேண்டும். சின்ன வயதிலிருந்தே அக்கா இதைச் சொல்லி என்னைச் சீண்டுவாள். "உன் பொண்டாட்டிக்கு நான்தான்டா முடிச்சு போடுவேன். எனக்குப் புடிக்கலன்னா லூசா போட்டுடுவேன்!"

பத்து நாள் இருக்கும்போது அம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

"பெரியப்பா பொண்ணு முடிச்சு போடட்டும்டா. இவ போட்டா பொண்ணு வீட்டுக்காரங்க மொகம் சுளிப்பாங்க. இவகிட்ட போய் கேட்டுக்கினு நிக்காத. அவளே புரிஞ்சிக்குவா."

எனக்கு வாய் இல்லையா என்ன? நல்ல காரியம் நடக்கட்டும், நடுவில் எதற்கு இந்தப் பேஜாரு என்று நினைத்தேன். "சரிம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கெட்டிமேளம் கொட்டியது. முதல் முடிச்சு போட்டேன். பின்னாலிருந்து பெரியப்பா மகளின் கை வந்தது. கூட்டத்தில் அக்காவைத் தேடினேன், காணவில்லை. பந்தியில் இலைக்கு இலை உப்பு வைத்துக்கொண்டிருந்தாளாம். அந்த வேலையையும் அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவளாகவே போய் நின்றிருக்கிறாள்.

அதற்குப் பிறகு அவள் கன்ட்ரோலரைத் தொடவில்லை. அடுத்த மாதமே வானூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை தேடிக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். அவள் ஆடிவைத்திருந்த கேமை ஒரு நாள் திறந்து பார்த்தேன். கதை தொடங்கிய இடத்திலேயே நின்றிருந்தது. சின்னச் சின்ன வேலைகள் மட்டும் ஒன்று விடாமல் முடிந்திருந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. இப்போதெல்லாம் சைடு குவெஸ்ட் வெட்டி என்று யாராவது ஆரம்பித்தால் நான் வாயைத் திறப்பதில்லை.

போன வாரம் அவளைப் பார்க்கப் போனேன். கம்பெனி கேட்டுக்கு எதிரே டீக்கடையில் நின்றோம். மனதில் வைத்திருந்ததை ஒருவழியாகச் சொன்னேன்.

"அக்கா, அன்னிக்கி முடிச்சு போட உன்னத்தான் நிக்க வெச்சிருக்கணும். தப்பு பண்ணிட்டேன்."

அக்கா டீயை ஊதி ஒரு வாய் குடித்தாள்.

"நீ கேட்டிருந்தா நானே வேணாம்னுதான்டா சொல்லியிருப்பேன். உன் கல்யாணத்துல வம்பு வர வுடுவனா? ஆனா நீ கேக்கவேயில்லியேடா."