நான் வரைந்த மாடும் மத்தியப் பிரதேசமும்

எனக்குப் படம் வரைய வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் மத்தியப் பிரதேசத்தின் ஒரு மூலையில் பல வருஷம் நான் ஓவியராக இருந்திருக்கிறேன்.

பெயர் கல்யாணசுந்தரி. ஊர் திருநள்ளாறு. 1974இல் காரைக்கால் முனிசிபாலிட்டியில் குமாஸ்தா. அந்த ஆபீஸை வயதானவர்கள் அப்போதும் ‘மேரி’ என்று பிரெஞ்சுக்காரன் வைத்த பெயரால்தான் சொல்வார்கள். பிறந்த குழந்தைகளின் பெயரையும் இறந்த பெரியவர்களின் பெயரையும் எழுதுவது என் வேலை. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். என்னிடம் இருந்த திறமை அது ஒன்றுதான். மற்றபடி, சனிக்கிழமையானால் எங்கெங்கிருந்தோ ஜனங்கள் பஸ் ஏறித் திருநள்ளாற்றுக்குக் கோயிலுக்கு வருவார்கள். நான் அதே பஸ்ஸில் எதிர்த்திசையில் ஏறிக் காரைக்காலுக்குச் சினிமாவுக்குப் போவேன்.

ஒரு வாரப் பத்திரிகையில் பேனா நண்பர்கள் பகுதி வந்துகொண்டிருந்தது. பெயர், வயது, முகவரி, பொழுதுபோக்கு எழுதி அனுப்பினால் போடுவார்கள். நானும் அனுப்பினேன். பொழுதுபோக்கு என்ற இடத்தில் ‘படம் பார்த்தல்’ என்று நேர்மையாகத்தான் எழுதினேன். அச்சில் ‘படம் வரைதல்’ என்று வந்தது. அச்சுக் கோத்தவருக்கு என்மேல் என்ன நம்பிக்கையோ.

கடிதங்கள் வந்தன. பாதிப்பேர் என் போட்டோவைக் கேட்டிருந்தார்கள். அவற்றை அம்மா வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டாள். மிச்சத்தில் ஒன்று அன்னபூரணி என்பவருடையது. தர்மபுரிப் பக்கத்துக்காரர். கணவர் சுவாமிநாதன் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டர். மத்தியப் பிரதேசத்தில் இட்டார்சிக்கு அந்தப் பக்கம், காட்டுக்கு நடுவில், அதிகம் பேர் இறங்காத ஒரு ஸ்டேஷனில் இருந்தார்கள்.

அந்தக் கவரைப் பிரிக்கவே எனக்கு மனசு வரவில்லை. பழைய காலண்டர் தாளை மடித்துச் செய்த கவர். ஓரம் முழுக்கச் சிவப்பு நூலால் தையல். உள்ளே தாளின் மூலையில், சதையெல்லாம் உதிர்ந்து நரம்பு மட்டும் மிஞ்சிய ஓர் இலையை ஒட்டியிருந்தார். தேக்கங்கன்றின் இலையாம். காய்ந்த பூ வாசனை ஒன்று தாளிலிருந்து வந்தது. கடைசி வரி: ‘நீங்கள் வரைந்த படம் ஒன்று அனுப்ப முடியுமா? இங்கே பார்க்க எதுவும் இல்லை.’

இப்படிப்பட்ட கவருக்குப் பதிலாக, ‘மன்னிக்கவும், நான் சினிமா பார்க்கிறவள்’ என்று ஒரு இன்லண்ட் லெட்டரை எப்படி அனுப்புவது? ஒரு மாட்டை வரைந்தேன். எங்கள் கொல்லையில் கட்டியிருந்த மாடுதான். எதிரில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து வரைந்தேன். மாடு ஒத்துழைத்தது. கைதான் ஒத்துழைக்கவில்லை.

பதில் வந்தது: ‘உங்கள் படம் கிடைத்தது. எல்லோரும் பார்த்தோம். வெகுநேரம் பார்த்தோம். அடுத்த படத்தை ஆவலோடு எதிர்பார்க்கிறோம்.’

வெகுநேரம் பார்த்தோம் என்றால் என்ன அர்த்தம்? நல்ல படத்தைத்தானே வெகுநேரம் பார்ப்பார்கள்? அன்றிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாதம் ஒரு கடிதம் என்று ஆரம்பித்துப் பிறகு இரண்டானது. துணிக்கடைப் பையின் காக்கித் தாளில் கவர் செய்வேன். மஞ்சளையும் குங்குமத்தையும் கரைத்து வர்ணம். கடலுக்குத் துணிக்குப் போடுகிற நீலம். ஒட்டுவதற்குச் சோற்றுப் பசை. ஒருமுறை நெற்கதிர் ஒன்றைப் பசை தடவி ஒட்டி அனுப்பினேன். இட்டார்சி போய்ச் சேர்ந்தபோது நெல்லைக் காணோமாம். எறும்புகள் மட்டும் சௌக்கியமாக இறங்கினவாம். அன்னபூரணி கோபப்படவில்லை. ‘உங்கள் ஊர் எறும்பு எங்கள் ஊர் எறும்பைவிடச் சிறிது’ என்று எழுதியிருந்தார்.

அவர் கடலைப் பார்த்ததே இல்லை. கடலும் மீனும் எப்படி இருக்கும் என்று கேட்டிருந்தார். மீனை வரைந்தால் போதாது, நிஜச் செதிலையே ஒட்டிவிடுவோம் என்று எனக்கு ஒரு யோசனை. காரைக்கால்மேட்டிலிருந்து எங்கள் ஆபீஸ் தெருவுக்கு மீன் கொண்டுவரும் பூவாயியிடம் கேட்டேன்.

“செதிலா? மீனு வேணாமா?”

“செதில் மட்டும் போதும்.”

பூவாயி என்னை மேலும் கீழும் பார்த்தாள். “கவுருமெண்டு சம்பளம் வாங்குற பொண்ணு செதிலத் தின்னா பொழைக்குது? இந்தா, ரெண்டு காலா மீனு எடுத்துக்கிட்டுப் போ. காசு அப்பறம் குடு.”

படம் வரையத்தான் என்று விளக்கிச் சொல்வதற்குள் தெருவே கூடிவிட்டது. செதிலைக் கழுவிக் காயவைத்து, ஒவ்வொன்றாக ஒட்டினேன். தபாலாபீஸில் கவுண்டரில் இருந்த முகம்மது இப்ராஹிம் கவரை இரண்டு விரலால் தூக்கினார்.

“உள்ள என்னம்மா?”

“லெட்டருங்க.”

“போன வாட்டி மணல் கொட்டுச்சு. இப்ப வாடை அடிக்குது. அடுத்த தடவ தண்ணிய ஊத்தி அனுப்பிட்டீங்கன்னா முழுக் கடலும் போய்ச் சேந்துரும்.”

ஆனாலும் முத்திரையை ஓரமாக, வர்ணத்தின்மேல் படாமல் குத்தினார். எல்லோருக்கும் அப்படிக் குத்தமாட்டார்.

அந்த மாலைநேரங்களை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. ஆபீஸில் நாளெல்லாம் அளந்த கட்டத்துக்குள் எழுதிவிட்டு வருவேன். வீட்டுக்கு வந்ததும் கட்டமே இல்லாத தாள். அங்கிருந்து கடிதம் வந்தால் உடனே பிரிக்கமாட்டேன். கையலம்பி, காப்பி குடித்து, கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இந்தத் தடவை எந்தக் கலர் நூல் என்று கவனித்துவிட்டுத்தான் பிரிப்பேன்.

1978இல் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை வைத்தியலிங்கம், நாலு மா நிலமும் கூட்டுறவுச் சங்கத்தில் வேலையும் உள்ளவர். அம்மா பெருமையாக, “பொண்ணு படமெல்லாம் வரையும்” என்று சொல்லி, சுவரில் மாட்டியிருந்ததைக் காட்டினாள். அவர் எழுந்து கிட்டே போய்ப் பார்த்தார்.

“கருவாடுங்களா?”

“தேரு” என்றேன்.

கல்யாணம் நடந்தது. அம்மாவும் எங்களோடுதான் இருந்தாள். அவர் பொய் சொல்லத் தெரியாத மனுஷர். நான் எதை வரைந்து நீட்டினாலும் அது எதுவாக இல்லையோ அதைச் சொல்லுவார். கலை தெரியாதவர் என்று நானும் விட்டுவிடுவேன். “மத்தியப் பிரதேசத்துல கேட்டுப் பாருங்க” என்பேன். பிள்ளை பிறந்தபோதுகூட ஒரு மாதம்தான் கடிதம் தவறியது.

எண்பத்துமூன்று தை மாதத்தில், சனிப்பெயர்ச்சிக் கூட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு, சுவாமிநாதன் ஜாதகத்தில் ஏதோ தோஷம் என்று யாரோ சொன்னதால் அவர்கள் இரண்டு பேரும் திருநள்ளாறு கிளம்பினார்கள். ரயில்வே பாஸில் பேரளம்வரை வந்து, அங்கிருந்து எங்கள் ஊர் வண்டி. குளத்தில் முழுகி, எள் தீபம் போட்டு முடித்துவிட்டு வருவதாகக் கடிதம் சொல்லியிருந்தது. வரும் தேதியை மட்டும் சொல்லவில்லை.

டீக்கடையில் அவர்கள், “ஓவியர் சுந்தரி வீடு எதுங்க?” என்று கேட்டிருக்கிறார்கள். டீக்கடைக்காரர் வெகுநேரம் யோசித்து, லாட்ஜுகளுக்கு போர்டு எழுதுகிறவர் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். அந்த மனிதரோ, “இந்த ஊர்ல ஓவியர்னா நான் ஒருத்தன்தாங்க” என்று சாதித்திருக்கிறார். கடைசியில், “முனிசிபாலிட்டில சாவு எழுதுற பொண்ணா? அப்படிக் கேக்கக் கூடாதா?” என்று யாரோ கொண்டுவந்து விட்டார்கள்.

வாசலில் ஈரத் தலையோடு ஒரு அம்மாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருக்கும். நான் “வாங்க” என்று சொல்லி முடிப்பதற்குள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சுந்தரி! மத்ததெல்லாம் அப்பறம். மொதல்ல ஒண்ணு சொல்லுங்க, நான் எங்க ரயில்வே காலனிக்குத் திரும்பிப் போகணுமில்ல.” பையிலிருந்து தடித்த அட்டை ஒன்றை எடுத்து, அதற்குள்ளிருந்து என் படம் ஒன்றை உருவினார். “இது யானையா, வைக்கப்போரா? நாலஞ்சு வருஷமா ரெண்டு கட்சியா நிக்கிறோம்.”

சுவாமிநாதன் பின்னாலிருந்து மெதுவாக, “நான் வைக்கப்போர் கட்சிங்க” என்றார்.

இரண்டு கட்சியும் தப்பு. ஏனென்றால் அது எங்கள் அம்மா. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பாயில் ஒருக்களித்துப் படுத்துத் தூங்கியதைப் பார்த்து வரைந்தது. சரியாக அந்த நேரத்தில் அம்மா அமுதம், அதாவது படத்தில் இருந்தவள், காப்பித் தட்டோடு உள்ளேயிருந்து வந்தாள். என் கணவர் படத்தை எட்டிப் பார்த்துவிட்டு, இந்த வாழ்க்கையில் முதல்முறையாகச் சரியாகச் சொன்னார்.

“இது அத்தையில்ல?”

அம்மா தட்டைக் கீழே வைத்தாள். படத்தை வாங்கிக் கண்ணுக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். பிறகு அன்னபூரணியிடம் கேட்டாள்: “யானைன்னு சொன்னவங்க எத்தன பேரும்மா?”

எல்லோரும் சிரித்தார்கள். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். ‘வெகுநேரம் பார்த்தோம்’ என்பதன் அர்த்தம் அப்போதுதான் விளங்கியது. இத்தனை வருஷம் என்னை வைத்து ஒரு ரயில்வே காலனியே விடுகதை போட்டிருக்கிறது! அவமானத்தில் அடுப்பில் இல்லாத பாலைக் கிண்டிக்கொண்டு நின்றேன்.

அன்னபூரணி பின்னாலேயே வந்தார்.

“கோவமா?”

“இல்லக்கா. ரொம்ப சந்தோஷம்.”

“கேளுங்க சுந்தரி. அங்க மொத்தம் ஏழெட்டுக் குடும்பம். ஒருத்தர் மராத்தி, ஒருத்தர் தெலுங்கு, மத்தவங்க இந்தி. போன புதுசுல நான் ஒரு வார்த்த பேச ஆளில்லாம சுவத்தப் பாத்துட்டு இருந்தேன். அப்பதான் உங்க மாடு வந்துச்சு. கெணத்தடில வெச்சுப் பாத்துட்டு இருந்தேன். தண்டவாளம் மாத்திவிடுற பாயிண்ட்ஸ்மேனோட சம்சாரம் வந்து எட்டிப் பாத்து, ‘கோடா’ன்னா. கோடான்னா குதிரையாம். இன்னொருத்தி வந்து ‘காய், காய்’னு கத்துனா. நான் கத்திரிக்காயா வாழக்காயான்னு பாத்தேன். காய்னா அங்க பசுவாம்! அன்னைக்கு எல்லாரும் உக்காந்து சண்ட போட்டு, சிரிச்சு, பொழுது சாஞ்சதே தெரியல. அதுலேந்து ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் உங்க படந்தான். எனக்கு இந்தி வந்ததே உங்க படத்துலதான். நல்லா வரையிறவங்ககிட்ட மாட்டியிருந்தேன்னா நான் இன்னும் ஊமையாதான் இருந்திருப்பேன்.”

இது பாராட்டா என்று எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. ஆனால் கோபம் போய்விட்டது. அச்சுப்பிழைக் கதையை அவரிடம் சொன்னேன்.

“என்னது, படம் பாக்கறதா?” அவர் அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். “அடப்பாவமே! எனக்கும் அதுதானே உசுரு! அந்தக் காட்டுல தியேட்டர் இல்லன்னுதானே வேற என்னமாவது பாக்கலாம்னு உங்களுக்கு எழுதினேன்!”

அன்று சாயங்காலமே எல்லோருமாகக் காரைக்காலுக்குப் போய்ச் சினிமா பார்த்தோம். படம் சுமார்தான். அன்னபூரணி இரண்டு இடத்தில் அழுதார், நான் மூன்று இடத்தில். மறுநாள் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். அவர் கடலை வெகுநேரம் பார்த்தார். அலை காலை நனைத்தபோதுதான் என்னைத் திரும்பிப் பார்த்து, “இதயா நீங்க செதில் வெச்சு ஒட்டுனீங்க?” என்றார்.

அவர்கள் போன பிறகு எனக்கு ரோஷம் வந்தது. போர்டு எழுதுகிறவரிடமே போய், ஞாயிற்றுக்கிழமைகளில் வரையக் கற்றுக்கொண்டேன். பென்சிலைப் பிடிக்கிற விதத்திலிருந்து ஆரம்பித்தார். நாலைந்து மாதத்தில் ஒரு தென்னைமரம் தென்னைமரமாகவே வந்தது. என் கணவர்கூடப் பார்த்தவுடன் சொல்லிவிட்டார். பெருமையாக அனுப்பினேன்.

அன்னபூரணியின் பதில் வழக்கத்தைவிடச் சின்னதாக இருந்தது. ‘படம் கிடைத்தது. எடுத்துக் காட்டியதுமே எல்லோரும் தென்னைமரம் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லையே?’

படிப்பை அத்தோடு நிறுத்தினேன்.

எண்பத்தாறில் சுவாமிநாதனுக்குப் பெரிய ஜங்ஷனுக்கு மாற்றலானது. அங்கே தமிழ்க் குடும்பங்கள் நிறைய, தியேட்டரும் இருந்தது. அன்னபூரணியின் கடிதங்கள் தவறாமல் வந்தன. இப்போது பாதிக் கடிதம் சினிமாக் கதை. எனக்கும் அதில் சந்தோஷம்தான். படம் வரைகிற வேலை ஓய்ந்தது என்று வர்ணக் கிண்ணங்களைக் கழுவி, பருப்பும் கடுகும் போட்டுவைத்தேன்.

அந்த மழைக்காலத்தில் ஒரு கவர் வந்தது. ஏதோ மருந்து அட்டையைப் பிரித்து ஒட்டிய கவர். முகவரியை யாரோ இங்கிலீஷில் எழுத்துக் கூட்டி எழுதியிருந்தார்கள். உள்ளே முழுக்க இந்தி. எனக்கு ஒரு எழுத்து தெரியாது. எங்கள் ஆபீஸில் வடக்கே பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த ஒருவர் படித்துச் சொன்னார். பழைய ஸ்டேஷனின் பாயிண்ட்ஸ்மேன் மனைவி எழுதியது: ‘அக்கா போய்விட்டார்கள். அதிலிருந்து படம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடிச் சும்மா உட்கார்ந்து எழுந்து போகிறோம். உங்கள் உடம்பு நலமா? ஒன்று அனுப்பவும்.’

கடிதத்தைப் படித்தவர், “என்ன படம்மா கேக்குறாங்க?” என்று மரியாதையோடு என்னைப் பார்த்தார். “சும்மா, பொழுதுபோக்குக்கு” என்று சொல்லிவிட்டு, பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்து, கிண்ணங்களிலிருந்த கடுகைக் கொட்டினேன். மஞ்சளைக் கரைத்து, ஒரு நண்டு வரைந்தேன். நன்றாக வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமே என்று முதலில் கொஞ்சம் பயம் இருந்தது. இரண்டு கால் வரைந்ததும் பயம் தெளிந்துவிட்டது.