நீல சுவெட்டர் மட்டும்

கனடாவில் என் மகள் படிக்கும் பாடசாலையில் குளிர்காலத்தில் ஒரு நாள் பிள்ளைகள் பைஜாமா உடுத்துக்கொண்டு வரலாம். வீட்டில் படுக்கும்போது போடுகிற அதே உடுப்பு. முதன்முறை அந்த அறிவிப்பைப் பார்த்தபோது எனக்கு விளங்கவில்லை. மறுநாள் காலை மகளின் ஆசிரியையிடம் எந்த நிறத்தில் வரவேண்டும் என்று கேட்டேன். பிடித்த நிறம் எதுவானாலும் சரி என்றார். “வாசலில் யார் பார்த்து உள்ளே விடுவார்கள்?” என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் முகம் கனிவாக மாறியது. கவலைப்பட வேண்டாம், கதவில் கமரா இருக்கிறது, வெளியாட்கள் யாரும் உள்ளே வரமுடியாது என்றார். நான் கேட்டது அதுவல்ல. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

நான் இலங்கை மலையகத்தில், வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். ஹட்டனில் படித்தேன், தினமும் ரயிலில்தான் போய்வருவோம். வெள்ளைச் சீருடை, கழுத்துப்பட்டி, வெள்ளைச் சப்பாத்து, இரட்டைப் பின்னல். சுவெட்டர் போட்டால் கருநீலம் மட்டும். மழைக்காலத்தில் துவைத்த துணி நாலு நாளானாலும் காயாது. அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயப்போட்டால் புகை மணக்கும். பதினோராம் வகுப்பில், சாதாரணதரப் பரீட்சை எழுதும் வருடம், என்னைப் பிரிபெக்ட் என்னும் மாணவத் தலைவி ஆக்கினார்கள். காலையில் கேட்டில் நின்று, விதிப்படி உடுத்தாதவர்களைத் தடுப்பது என் வேலை. ஒழுக்கத்துக்குப் பொறுப்பான டீச்சர் யாழ்ப்பாணத்தவர். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். பின்னேரங்களில் எங்களை இருத்திவைத்துக் கணிதம் சொல்லிக்கொடுத்தவர். ஆனால் கேட் விஷயத்தில் கண்டிப்பு. “ஒருத்தியை விட்டால் நாளைக்கு எல்லாரும் கலர் கலரா வருவினம். நீர்தான் பொறுப்பு” என்பார்.

ஜெயந்தி எங்கள் லயத்துப் பிள்ளை, தோட்டத் தொழிலாளருக்குக் கட்டிய அதே வரிசை வீடுகளில் இருந்தவள். எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது கதவு. ஒரே வகுப்பு. அன்று ரயிலில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தாள், அவளுடைய அம்மா கொழுந்து பறிக்கப் போகும்போது போடும் சிவப்பு சுவெட்டரோடு. நான் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. பரீட்சையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தோம். ஹட்டனில் இறங்கியதும் நான் முன்னால் ஓடிப்போய், பேட்ஜைக் குத்திக்கொண்டு கேட்டில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவளும் மற்றவர்களோடு வந்தாள்.

“அத கழட்டிட்டு உள்ள போ, ஜெயந்தி.”

“குளுருதுடி.”

“நீலம்தான் போடணும். டீச்சர் பாக்குறாங்க.”

“வீட்டுல ஒண்ணும் காயல. ஒனக்குத் தெரியும்ல?”

“கழட்டிட்டுப் போ.”

அவள் சுவெட்டரை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பிறகு திரும்பி ஸ்டேஷன் பக்கம் நடந்தாள். டீச்சர் தூரத்திலிருந்து தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலில் எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும்.

சாயந்தரம் அம்மா சொல்லித்தான் தெரியும். ஜெயந்தியின் சீருடை சிறிதாகிப்போய் முதுகில் தையல் விட்டிருந்தது. அதை மறைக்கத்தான் சுவெட்டர். அடுத்த நாள் அவள் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. பரீட்சை எழுதாமலே கொழும்புப் பக்கம் சித்தியோடு தையல் தொழிற்சாலைக்குப் போய்விட்டாள். நான் எழுதினேன், பாஸானேன், பிறகு கல்யாணமாகி இங்கே வந்தேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் அவளைப் பார்ப்பேன். தோட்டத்துக்கே திரும்பி வந்து, கணவனோடும் மகளோடும் அங்கேதான் இருக்கிறாள். எல்லாம் பேசுவோம், அந்தக் காலையைத் தவிர.

பைஜாமா நாளன்று மகள் கரடிப் படம் போட்ட உடுப்பில் போய், அதே உடுப்பில் சிரித்துக்கொண்டு திரும்பி வந்தாள். அடுத்த நாள் காலை எழுந்ததும் ஜெயந்திக்குப் போன் செய்தேன்.

“அன்னைக்குக் கேட்டுல ஒன்ன திருப்பி அனுப்புனேனே...”

“நீ மறந்திருப்பன்னு நெனச்சேன்” என்றாள்.

“கிழிஞ்சிருக்குன்னு ஏன்டி சொல்லல?”

“அத்தன பேரு முன்னுக்கா?” அவள் குரலில் கோபமில்லை. “நீ ரயில்லயே சொல்லியிருந்தா, நான் ஹட்டன்ல எறங்கியிருக்கவே மாட்டேன்.”

மன்னித்துக்கொள் என்றேன். அவள் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. “மகளுக்கு இந்த வருசம் பிரிபெக்ட் குடுத்திருக்காங்க. போட்டோ அனுப்புறேன், பாரு” என்று வைத்துவிட்டாள். படம் வந்தது. வெள்ளைச் சீருடை, பேட்ஜ், அம்மாவின் அதே நெற்றி. ‘அழகா இருக்கா’ என்று எழுதி அனுப்பினேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. என் மகளுக்குச் சாப்பாடு கட்டினேன்.

பிறகு அவளைக் கூட்டிக்கொண்டு பாடசாலைக்கு நடந்தேன். தெருவைக் கடக்கும் இடத்தில், பிள்ளைகளுக்காக நிற்கும் ஒருவர் ‘நில்’ என்று எழுதிய சிவப்புப் பலகையை உயர்த்தி வாகனங்களை நிறுத்தினார். மகள் ஓடிக் கடந்து, பல நிற உடுப்புகளுக்குள் கலந்துவிட்டாள். அவர் பலகையை இறக்காமல் என்னைப் பார்த்து, வருகிறீர்களா என்று கேட்டார். இரண்டு பக்கமும் வாகனங்கள் எனக்காக நின்றுகொண்டிருந்தன. எனக்கு அந்தப் பக்கம் ஒரு வேலையும் இல்லை. திரும்பிப் போகவும் கால் எழவில்லை.