ஒற்றை ஆளுக்கு வீடு

அவளுடைய பெயரைச் சொல்லிக் கேட்டால் அந்த ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. ‘சாவிக்காரம்மா’ என்று கேட்டால் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற டீக்கடைக்காரர்கூட வழி சொல்வார். வாடகை வீடு பிடித்துக் கொடுக்கிற தரகு வேலை அவளுடையது. காலி வீடுகளின் சாவிகளைப் பெரிய வளையத்தில் கோத்துத் தோள்பையில் போட்டிருப்பாள். மாடிப்படியில் முதலில் சாவிச் சத்தம் வரும், கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னாலேயே ஆள் வருவாள்.

கணவர் லாரி ஓட்டியவர். மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் திடீரென்று இறந்துபோனார். அதன் பிறகு அவள் கையை ஊன்றி எழுந்தது இந்தத் தொழிலில்தான். ஆரம்பத்தில் வீடு கேட்டு வருகிறவர்கள் படையோடு வருவார்கள். அப்பா, அம்மா, பிள்ளைகள், அப்பாவின் தம்பி, கல்யாணமாகாத அத்தை. “கூடம் பெருசா இருந்தாப் போதும்மா, மத்ததெல்லாம் நாங்க அனுசரிச்சுக்குவோம்” என்பார்கள். வீட்டுக்காரர்கள் தலைகளை எண்ணிவிட்டு முகத்தைச் சுளிப்பார்கள். இத்தனை பேருக்குத் தண்ணீருக்கு எங்கே போவது? அவள் கூசாமல் பாதிப் பேரை விருந்தாளிகளாக்கிச் சமாளித்துவிடுவாள்.

போகப் போக அந்தப் படை இளைத்தது. நான்கு பேர் வந்தார்கள். பிறகு மூன்று பேர். பிறகு புருஷன் பெண்டாட்டி மட்டும். ஆஸ்பத்திரி விரிந்து, கல்லூரிகள் வந்து, ஊருக்கு வெளியே கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிய பிறகு ஒற்றை ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வேலைக்கு வந்த பெண்கள், கட்டியவரைப் பிரிந்தவர்கள், பிள்ளைகள் கடல் தாண்டிப் போய்விட்டதால் தனியே மிஞ்சியவர்கள். ஆள் குறைந்ததே என்று வீட்டுக்காரர்கள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவர்களோ இன்னும் அதிகமாகப் பயந்தார்கள். வயசுப் பெண் என்றால் யார் யார் வருவார்களோ. வயசுப் பையன் என்றால் கூத்தடிப்பான். வயதானவர் என்றால் பேச்சே வேண்டாம். ஒற்றை ஆளுக்கு வீடு பிடிப்பதற்குள் அவளுக்கு நாக்குத் தள்ளிவிடும். அதனால் ஒரு பாடம் வைத்திருந்தாள். “பையன் மாசாமாசம் வந்து போவான்னு சொல்லுங்க. அக்கா இங்கதான் பக்கத்து ஊர்ல இருக்குன்னு சொல்லுங்க. தனியா இருக்கேன்னு மட்டும் வாய் தவறிக்கூடச் சொல்லிடாதீங்க.”

மகளுக்குக் கல்யாணமாகி அவள் வேறு நகரத்துக்குப் போன பிறகு, தானும் அந்த ஒற்றை ஆட்களில் ஒருத்தி என்பது சாவிக்காரம்மாவுக்கு உறைக்கவே இல்லை. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு அலைகிறவளுக்கு அதையெல்லாம் யோசிக்க நேரமேது. மாடிப் போர்ஷனில் பத்தொன்பது வருஷமாக இருந்தாள். வாடகையை ஒரு நாள் தாமதித்ததில்லை.

ஒரு நாள் காலை வீட்டுக்காரர் மேலே வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“ஒண்ணுமில்ல, பையன் ஒரு யோசனை சொல்றான். மாடிய நாலு ரூமாப் பிரிச்சு, வேலைக்குப் போற பிள்ளைங்களுக்குத் தனித்தனியா விட்டுடலாம்ங்கிறான். இப்ப அதுக்குத்தானே ஆள் வருது? உங்களுக்குத் தெரியாததா?”

“தெரியும். நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன்.” அவள் சிரிக்கப் பார்த்தாள். “அப்ப அதுல ஒரு ரூம் எனக்குக் குடுத்துடுங்க. சமையலுக்கு ஒரு மூலை இருந்தாப் போதும்.”

“சமையலறையே வைக்கலம்மா. இப்ப யாரு சமைக்கிறாங்க? போனைத் தட்டினா வாசல்ல வந்து நிக்குது.” அவர் ஜன்னல் கம்பியைத் தடவிப் பார்த்தார். “அதுவும் போக, பையன் சின்ன வயசு ஆளுங்களாப் பாத்து வைக்கலாம்ங்கிறான். தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க நினைச்சா இந்த ஊர்ல கிடைக்காத வீடா?”

அவளும் அப்படித்தான் நினைத்தாள். கையில் ஊர்ச் சாவியெல்லாம் இருக்கிறது, நமக்கென்ன குறை என்று தெம்பாகக் கிளம்பினாள்.

முதலில் போனது தண்ணீர்த்தொட்டித் தெரு வீட்டுக்கு. அந்த வீட்டுக்கார அம்மாளுக்கு எட்டு வருஷமாக ஆள் பிடித்துக் கொடுப்பவள் இவள்தான். டீ வந்தது, பேச்சு வளர்ந்தது.

“கீழ் வீட்டுக்கு ஒரு ஆள் இருக்கு” என்றாள் இவள்.

“யாரு? எத்தனை பேர்?”

“நான்தான்.”

அந்த அம்மாளின் முகம் சட்டென்று சுண்டிவிட்டது. “நீயா? துணைக்கு மக வந்து இருப்பாளா?”

“அவ எப்படி வருவா? அவளுக்குக் குடும்பம் இருக்குல்ல.”

“சொல்றேன்னு கோவிச்சுக்காத. நாளைக்கே உனக்கு ஒரு நெஞ்சு வலின்னா நான்ல ஓடணும்? எனக்கே முட்டி வலி.”

அடுத்த வீட்டில் அவ்வளவுகூடப் பிடிகொடுத்துப் பேசவில்லை. அதற்கடுத்த வீட்டில், தங்கைக்குக் கொடுப்பதாகச் சொல்லி மழுப்பினார்கள். அந்த வீட்டுக்காரருக்குத் தங்கையே கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு அவள் சொல்லிக் கொடுத்த பாடமும் அவளுக்கு உதவவில்லை. ஊர் முழுக்கத் தெரிந்த முகத்தை வைத்துக்கொண்டு எந்த மகனைக் கண்டுபிடிப்பாள்?

சாயங்காலம் பூங்கா பெஞ்சில் களைத்துப் போய் உட்கார்ந்திருந்தபோது கம்பவுண்டர் வந்தார். மருந்துக்கடையில் நாற்பது வருஷம் நின்று ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். மூன்று மாதமாக இவளிடம் வீடு கேட்டு நடையாய் நடக்கிறார். இப்போது ஒரு லாட்ஜில் இருந்தார்.

“எனக்கு ஏதாவது ஆச்சா?” என்று வழக்கம்போல் ஆரம்பித்தார்.

“சார், எனக்கே ஆகல.”

அவள் சொல்லச் சொல்ல அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில் அவளுக்கும் வந்தது. சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டபோதுதான் சாவிக் கொத்தில் துருப்பிடித்துக் கிடந்த அந்த நீளச் சாவி கையில் தட்டுப்பட்டது. பழைய நூலகத்துக்கு எதிர்ப்புறம் இருந்த பெரிய வீட்டின் சாவி. ஒரு தகப்பனார் ஐந்து பிள்ளைகளுக்காகக் கட்டியது. ஐந்தும் திசைக்கொன்றாய்ப் போய், மூத்தவர் மட்டும் ஊரிலேயே ஒரு சின்னப் பிளாட்டில் மனைவியோடு இருந்தார். அந்த வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் வாசலிலேயே நின்று, “இவ்வளவு பெரிய வீட்ட வச்சுக்கிட்டு நாங்க என்ன பண்றது?” என்று திரும்பிவிடுவார்கள். வருஷக்கணக்காகப் பூட்டித்தான் கிடந்தது.

அவளிடம் இன்னொருத்தியும் வீடு கேட்டிருந்தாள். ஆஸ்பத்திரி நர்ஸ், முப்பது வயது. ஷிப்ட் முடிந்து கண்ட நேரத்தில் வருகிறாள் என்று இரண்டு இடத்தில் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். மூவரையும் ஒரு கூரைக்குள் போட்டால் என்ன? அப்படி ஒரு யோசனை தன் வாயிலிருந்து வந்ததை அவளாலேயே நம்ப முடியவில்லை. கம்பவுண்டர், “நான் குறட்டை விடுவேன்” என்றார்.

“பெரிய வீடு சார். கடைசி ரூமை எடுத்துக்கங்க.”

மறுநாள் பெரிய வீட்டுக்காரரின் பிளாட்டுக்குப் போனாள். விவரத்தைக் கேட்டுவிட்டு அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“மூணு பேரும் உறவா?”

பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அண்ணன், அண்ணன் மகள் என்று ஒரு நொடியில் குடும்பம் கட்டிவிட அவளுக்குத் தெரியும். என்னவோ அன்றைக்கு மனசு வரவில்லை.

“இல்லைங்க. ஒருத்தருக்கு ஒருத்தர் ஒண்ணுமே இல்ல. எங்க மூணு பேருக்கும் வீடு கிடைக்கல, உங்க வீட்டுக்கு ஆள் கிடைக்கல. அவ்வளவுதான்.”

அவர் கழற்றிய கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. “அந்த வீட்ல ஒரு லைட் எரிஞ்சாப் போதும்னு நீங்கதானே புலம்புனீங்க? குடுத்துடுங்க.”

குடியேறிய புதிதில் அது வீடு மாதிரியே இல்லை. சமையலறையில் மூன்று அடுப்பு, மூன்று பால் பாக்கெட். கம்பவுண்டர் தன் டப்பாக்களுக்கெல்லாம் மருந்துப் புட்டி மாதிரிச் சீட்டு ஒட்டினார். சர்க்கரை டப்பாவில் ‘அளவோடு’ என்று எழுதியிருந்தது. அவருடைய ரேடியோ காலையில் உச்சக்குரலில் செய்தி வாசிக்கும்போதுதான் நர்ஸ் வேலை முடிந்து வந்து படுத்திருப்பாள். “சார், ஒரு நாளைக்கு அந்த ரேடியோவுக்கு மயக்க ஊசி போட்டுடுவேன்” என்று கதவுக்குள்ளிருந்து கத்துவாள். ஒருவரை ஒருவர் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பதே பெரிய சங்கடமாக இருந்தது. நர்ஸுக்கு இவள் அக்கா, அவர் சார். அவருக்கு இவள் ‘இந்தாங்க’. அக்கம்பக்கத்தில் யாராவது “அவர் உங்களுக்கு என்ன வேணும்?” என்று நைசாகக் கேட்டால், “பக்கத்து ரூம் வேணும்” என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவாள்.

ஒரு மத்தியானம் நகர அலுவலகத்திலிருந்து குடும்பக் கணக்கு எடுக்க ஒரு பெண் வந்தாள்.

“எத்தனை குடும்பம்மா இங்க?”

“ஒரு வீடுதான்.”

“வீடு இல்லம்மா, குடும்பம். ஒண்ணாச் சமைக்கிறீங்களா, தனித்தனியாவா?”

“தனித்தனியா.”

“அப்ப மூணு.” அந்தப் பெண் கையிலிருந்த போனில் தட்டிக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னாள். “எங்க போனாலும் இந்தக் கதைதாம்மா. ஊர்ல ஆளுங்க ஒண்ணும் பெருசாக் கூடல. குடும்பம்தான் கூடிக்கிட்டே போகுது. பாதி வீட்ல ஒருத்தர், ரெண்டு பேர். நடந்து நடந்து எங்க காலுதான் தேயுது.”

அவள் போன பிறகு சாவிக்காரம்மா சமையலறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். இத்தனை வருஷம் சாவியும் கையுமாகத் திரிந்து பார்த்ததைத்தான் அந்தப் பெண் நாலு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போனாள். ஆனால் தன்னை ஒரு முழுக் குடும்பமாக எண்ணிக்கொண்டு போனது என்னவோ போலிருந்தது. தலைவியும் அவளே, உறுப்பினரும் அவளே.

படுத்துக்கொண்டால் யார் பார்ப்பது என்று ஊரே பயந்ததே, அது நடந்தது. ஆனால் படுத்தது நர்ஸ். நாலைந்து நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை என்றாள், சோர்வாக இருக்கிறது என்றாள். கம்பவுண்டர்தான் வெளிச்சத்தில் நிறுத்தி, “கண்ணைக் காட்டு” என்றார்.

“ஊருக்கே ஊசி போடுறவ நான். எனக்கு ஒண்ணுமில்ல சார்.”

“மஞ்சளா இருக்கு. மஞ்சக் காமாலை. கிளம்பு.”

அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தார்கள். சாவிக்காரம்மா வீடு காட்டும் வேலையை எல்லாம் தள்ளிப்போட்டாள். பகலில் இவள், மாலையில் அவர் என்று முறை வைத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகு உப்பும் எண்ணெயும் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளுக்கென்று தனியாகச் சமைத்து, தனக்கென்று தனியாகச் சமைப்பது சாவிக்காரம்மாவுக்கு அலுப்பாக இருந்தது. ஒரே பாத்திரத்தில் எல்லோருக்கும் வைத்துவிட்டாள். கம்பவுண்டரும் தட்டோடு வந்து உட்கார்ந்தார். முதல் வாய் வைத்ததும் அவர் முகம் போன போக்கைப் பார்த்து, படுத்திருந்தவளே எழுந்து சிரித்தாள்.

“பிரஷருக்கு நல்லது” என்றார் அவர், தண்ணீரைக் குடித்து விழுங்கிக்கொண்டே.

நர்ஸின் அம்மா ஊரிலிருந்து பதறிக்கொண்டு வந்தாள். மகளைப் பார்த்த கையோடு வீட்டையும் ஒரு பார்வை பார்த்தாள்.

“இவரு யாரு?”

“கம்பவுண்டர் சார்மா.”

“அது தெரியுது. இந்த வீட்ல அவரு யாரு?”

மகள் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். சாவிக்காரம்மா பாத்திரத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு நழுவினாள். கம்பவுண்டரோ மாத்திரையைச் சரிபாதியாக உடைப்பதில் மும்முரமாக இருந்தார். அந்த அம்மாள் ஒரு வாரம் தங்கினாள். கூடவே அழைத்துப் போகத்தான் வந்திருந்தாள். கல்யாணம், வேலை, ஊர்வாய் என்று எல்லாவற்றையும் பேசினாள், அழுதாள், இரண்டு வேளை சாப்பிடாமலும் இருந்து பார்த்தாள். மகள் அசையவில்லை. கிளம்புகிற அன்று பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று, சாவிக்காரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் பெத்தவ, எனக்குப் பயமாத்தான் இருக்கு. இருந்தாலும் போறேன். பாத்துக்கங்கக்கா. அண்ணன்கிட்டயும் சொல்லிட்டேன்.”

எந்த அண்ணன் என்று ஒரு கணம் இவளுக்குப் புரியவில்லை. கம்பவுண்டரைத்தான் சொல்கிறாள் என்று பிறகுதான் உறைத்தது. தாங்கள் மாதக்கணக்கில் தேடிக் கிடைக்காத உறவுமுறையை ஒரு வாரத்தில் அந்த அம்மாள் வைத்துவிட்டுப் போய்விட்டாளே.

நர்ஸ் தேறிய பிறகு உப்பு திரும்பி வந்தது. சமையல் பிரியவில்லை. பிரிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. சண்டைகளும் இருந்தன. ஒரு தடவை மின்விசிறியை அணைக்காமல் போனதற்காகக் கம்பவுண்டரும் நர்ஸும் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நடுவில் மாட்டிக்கொண்ட இவள் இரண்டு பக்கமும் திட்டு வாங்கினாள். செய்தி பரவி, பூட்டிக் கிடந்த வேறு பெரிய வீடுகளின் சொந்தக்காரர்கள் இவளைக் கூப்பிட்டார்கள். இரண்டு இடத்தில் இதே மாதிரி ஆள் சேர்த்து வைத்தாள். ஒன்று நன்றாக ஓடியது. இன்னொன்று குளியலறைத் தகராறில் மூன்றே மாதத்தில் உடைந்து, ஆளுக்கொரு பக்கமாய்ப் போனார்கள். எல்லா இடத்திலும் அமையும் என்று அவள் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

அடுத்த வருஷம் நர்ஸுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. வழியனுப்பிவிட்டு வந்து கம்பவுண்டர் கடைசி அறையில் போய்ப் படுத்துக்கொண்டார், ரேடியோ போடவில்லை. ஆயிரம் அறைகளை வாய் ஓயாமல் பேசிக் காட்டியவளுக்கு நர்ஸ் இருந்த அந்த ஒரு அறையைக் காட்ட மனம் வரவில்லை. வந்தவர்களிடமெல்லாம் வெயில் அடிக்கும், சத்தம் கேட்கும் என்று அவளே குறை சொல்லித் துரத்தினாள். கடைசியில் கம்பவுண்டர் கடிந்துகொண்டார். “இப்படியே போனா ரெண்டு பேர் தலையிலயும் முழு வாடகை விழும். தொழிலையே மறந்துட்டியா தங்கச்சி?”

வந்து சேர்ந்தவர் ஒரு பேங்க் காஷியர். நாற்பத்தைந்து வயது, விவாகரத்து ஆனவர். வெந்நீர்கூட வைக்கத் தெரியாது. பாத்திரம் கழுவுவதில் மட்டும் ஆள் சூரர். எதற்கெடுத்தாலும் வீடு அதிரச் சிரிப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் போனில் வந்தாள். கம்பவுண்டர் ஏதோ மருந்துக்கடைக் கதை சொல்ல, காஷியர் அடக்க முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தார். இவள் ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசினாள்.

“யாரும்மா அங்க அப்படிச் சிரிக்கிறது? விருந்தாளிங்களா?”

“விருந்தாளி எல்லாம் இல்லடி” என்றாள் அவள். “எங்க வீட்டு ஆளுங்கதான். நீ சொல்லு, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுச்சா?”