கம்பியில் தொடங்கியிருக்க வேண்டிய வரி

ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் முதலில் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளும். அது எப்படிப்பட்டது, எங்கே இருந்தது, யார் அதை அந்தக் கதிக்கு ஆளாக்கினார்கள் என்பதெல்லாம் அதன் முதுகுக்குப் பின்னால் வரிசையில் நிற்கவேண்டும். தமிழில் அந்த வசதி கிடையாது. ஒருவர் பட்டதையெல்லாம் சொல்லித் தீர்த்த பிறகுதான் நாம் அவரிடம் போய்ச் சேர முடியும். பாடுகளைத் தாண்டாமல் ஆளைத் தொட முடியாது.

இதைப் பல வருடங்களாக ஒரு வேடிக்கையாகத்தான் வைத்திருந்தேன். காரணம், அதில்தான் என் சோறு. மாமல்லபுரத்திலிருந்து நெம்மேலி வரை கடலைப் பார்த்துக் கட்டிய விடுதிகளுக்கு ஆங்கிலத்தில் விளம்பரம் எழுதுகிறேன். அறை, கடல் தெரியும் சன்னலோடு, தனி பால்கனியோடு, காலை உணவோடு. சரக்கு ரயிலுக்குப் பெட்டி மாட்டுவதுபோல மாட்டிக்கொண்டே போகலாம். அட்டையில் இடம் பத்தவில்லை என்று விடுதிக்காரர் சொன்னால் கடைசிப் பெட்டிகளைக் கழற்றிவிடலாம். இஞ்சின் தன் பாட்டுக்கு ஓடும். எத்தனையோ முறை கழற்றியிருக்கிறேன். ஒருமுறைகூட யோசித்ததில்லை.

போன கோடையில் ஒரு பிற்பகல் அண்ணி போன் செய்தார். என் அண்ணனின் மனைவி. சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் பக்கத்தில், கார்களுக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் லைன் லீடர். பன்னிரண்டு மிஷின், பன்னிரண்டு பெண்கள், எல்லாரும் ஒப்பந்தத் தொழிலாளிகள். தொப்பியும் மாஸ்க்கும் போட்டுவிட்டால் முகம் தெரியாது என்பதால் அந்த லைனில் யாருக்கும் பெயர் கிடையாது, நிற்கும் மிஷினின் நம்பர்தான். ஏழு டீ குடிக்கப் போயிருக்கிறது, ஒன்பதுக்கு மாசம் ஆறு என்று அண்ணி வீட்டுக்கு வந்தும் அப்படியேதான் பேசுவார்.

அன்று அவர் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

"ரெண்டு நாளா கதவு சுவிட்ச்ச கம்பி போட்டு கட்டி ஓட்டிகினு இருந்த மிஷின்ல நின்ன நாலுக்கு ரெண்டு வெரலு போச்சு மா. இத இங்கிலீஷ்ல எழுதி குடு. சாயங்காலத்துக்குள்ள ஏத்தணும்."

விவரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்த அழுத்தும் மிஷினுக்குக் கண்ணாடிக் கதவு உண்டு. கதவு திறந்தால் மிஷின் நின்றுவிடும். கையைக் காப்பதற்கென்றே வைத்த ஏற்பாடு. ஒவ்வொரு உருப்படிக்கும் கதவைத் திறந்து மூடினால் அன்றைய கணக்கு எட்டாது என்று மேலேயிருந்து சொல்ல, பராமரிப்பு ஆள் வந்து கதவின் சுவிட்ச்சைக் கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். அதன்பின் கதவு திறந்தபடியே மிஷின் ஓடியது. அண்ணி இரண்டு தடவை வாயால் சொல்லிப் பார்த்திருக்கிறார். ஆகட்டும், பார்க்கலாம் என்றார்களாம். மூன்றாம் நாள் காலை நாலின் வலது கை உள்ளே இருந்தது.

எழுதினேன். எழுதிய வரியை அதே வரிசையில் தமிழாக்கினால் இப்படி வரும்: விரல் காயம், ஓர் ஆபரேட்டருக்கு, நாலாம் எந்திரத்தில், திறந்த கதவோடு, கட்டப்பட்ட சுவிட்ச்சோடு, ஒரு கம்பியால், இரண்டு நாளாக. ஒரு நீளமான ஒற்றை வாக்கியம். மூச்சு முட்டாமல் போய் முடிந்தது. இரண்டு முறை வாய்விட்டுப் படித்து அதன் ஓசையை ரசித்தேன். ஒரு பெண்ணின் விரல்கள் போயிருக்கின்றன, நான் ஓசை பார்த்துக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

அந்தத் தொழிற்சாலையில் தினமும் காலை ஏழரைக்கு ஒரு கூட்டம். உட்கார நாற்காலி கிடையாது. உட்கார்ந்தால் பேச்சு நீளுமாம். இருபது பேர் நின்றுகொண்டு சுவரில் இருக்கும் டிவியைப் பார்ப்பார்கள். முந்தைய நாள் நடந்தவற்றை லைன் லீடர்கள் கம்ப்யூட்டரில் ஏற்றிய சீட்டு அதில் கட்டம் கட்டமாக வரும். ஒரு சங்கதிக்கு ஒரு வரி உயரம். வரி நீண்டால் மூன்று புள்ளிகள் வைத்து டிவியே வெட்டிக்கொள்ளும். முழுதும் படிக்கவேண்டுமென்றால் யாராவது அதைத் திறக்கவேண்டும். யாரும் திறப்பதில்லை. அது அங்கே வழக்கமில்லை.

விரல் காயம், ஓர் ஆபரேட்டருக்கு, நாலாம் எந்திரத்தில், அப்புறம் மூன்று புள்ளிகள். மறுநாள் காலை டிவியில் அவ்வளவுதான் தெரிந்தது.

ஏன் கையை உள்ளே விட்டாங்க என்று மேலாளர் கேட்டாராம். யாரோ கவனக்குறைவு என்றார்களாம். காரணத்துக்கான கட்டத்தில் அது ஏறிவிட்டது. அடுத்த கட்டத்தின் தலைப்பு, பர்சன் ரெஸ்பான்ஸிபிள். அங்கேயும் பாருங்கள், ஆள் முன்னால், பொறுப்பு பின்னால். அதில் லைன் லீடர் என்று போட்டு, பெண்களுக்குக் கவனப் பயிற்சி கொடுக்கச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனார்கள்.

அண்ணி வீடு ஊரப்பாக்கத்தில். அன்று மாலையே போய்ச் சண்டை போட்டேன். அங்கேயே நின்றிருந்தீர்களே, வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே என்று கத்தினேன். அண்ணி அரிசி களைந்துகொண்டிருந்தார். கை நிற்கவில்லை. சீட்டில் தெரியாததை வாயால் சொன்னால் கூட்டத்தைக் குழப்புவதாகச் சொல்வார்கள், சொன்னவருக்கு ஷிஃப்ட் மாறும், அவருடைய பன்னிரண்டு பேரும் வேறு யார் கையிலோ மாட்டுவார்கள். இதையெல்லாம் விளக்கிவிட்டு, கோபமே இல்லாமல் கேட்டார்:

"நான் கம்பிய மொதல்ல தான மா சொன்னேன். நீ இன்னாத்துக்கு கடைசில கொண்டுபோய் போட்ட?"

ஆங்கிலத்தில் அப்படித்தான் வரும் என்று தொடங்கினேன். பாதியில் நின்றுவிட்டது. கடைசிப் பெட்டி என்ன ஆகும் என்று அந்த வீட்டில் என்னைவிடத் தெரிந்தவர் யார்?

இரண்டு நாள் கழித்து அண்ணியிடம் ஒரு கடிதத்தைக் கொடுத்து, நாலிடம் கையெழுத்து வாங்கிவரச் சொன்னார்கள். விபத்து என் கவனக்குறைவால் நேர்ந்தது என்ற கடிதம், ஆங்கிலத்தில். கையெழுத்துப் போட்டால் வேலையும் போகும், நஷ்ட ஈடும் போகும். போடாவிட்டால் ஒப்பந்தம் முடிந்ததென்று இன்னொரு தாள் வரும். நானும் கூடப் போனேன்.

செங்கல்பட்டில் ஒரு சின்ன மருத்துவமனை. சன்னலுக்கு வெளியே ரயில் போனால் கட்டில் அதிரும். நாலுக்கு முப்பது வயதிருக்கும், உத்திரமேரூர் பக்கத்து நிலக்காரக் குடும்பம். மாஸ்க் இல்லாத அவள் முகத்தை அண்ணியே அன்றுதான் சரியாகப் பார்த்தாராம். ஆனாலும் பழக்கம் விடவில்லை.

"இன்னா நாலு, வலி கீதா?"

"ரெண்டு கொறஞ்சி போச்சு க்கா. இனிமே என்ன ரெண்டுன்னு கூப்டு."

அண்ணி சிரித்துவிட்டு உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் கடிதத்தைத் தமிழில் படித்துக் காட்டினேன். கவனமில்லாமல் கையை உள்ளே விட்ட நான், என்று வந்தது. தமிழில் சொன்னதும் அந்தப் பொய் முன்வாசலிலேயே நின்றது, ஒளிந்துகொள்ள இடமில்லை. அவள் முழுவதும் கேட்டாள். கட்டுப் போட்ட வலது கையைப் போர்வைக்கு வெளியே எடுத்து மடிமேல் வைத்தாள்.

"போடறேன் க்கா. எந்தக் கையால போடறது?"

அங்கிருந்த ஸ்டூலை உதைக்கவேண்டும்போல இருந்தது. வெளியே வந்து நடைவழியில் நின்றேன். மூன்று புள்ளிகளைத் திட்டினேன். ஆங்கிலத்தைத் திட்டினேன். பெயர்களை முன்னால் உட்காரவைத்துப் பாடுகளைப் பின்னால் நிறுத்தும் அந்த மொழியைப் பரம்பரையோடு திட்டினேன். திட்டி முடித்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது, அதுதான் அதிகம் சுட்டது. எதையாவது முன்னால் உட்காரவைக்க வேண்டும் என்றுதான் ஆங்கிலம் கேட்கிறது. எதை என்று அது சொல்லவில்லை. விரலை உட்காரவைத்தது நான். இத்தனை வருடம் அறையை உட்காரவைத்துப் பழகிய கை, அறைக்குப் பதில் விரலை வைத்துவிட்டு மற்றதையெல்லாம் வால் பக்கம் மாட்டியது.

மருத்துவச் சான்றிதழ் வந்தால் சீட்டைத் திருத்தி ஏற்றலாம் என்று அண்ணி சொல்லியிருந்தார். கையெழுத்து வாங்காமல் சான்றிதழை வாங்கினோம். நடைவழியிலேயே நின்று போனில் எழுதினேன். கம்பி, நாலாம் எந்திரத்தின் கதவு சுவிட்ச்சில், இரண்டு நாளாக. மற்றதெல்லாம் அதற்குப் பின்னால். இந்த முறை ஓசை பார்க்கவில்லை.

மறுநாள் ஏழரைக்கு அந்த வரி டிவியில் வந்தது. மேலாளர் படித்துவிட்டு, என்ன கம்பி என்று கேட்டார். சீட்டில் இருப்பதைக் கேட்டால் பதில் சொல்லலாம். அண்ணி தன் கோட்டுப் பையில் கைவிட்டு, விபத்து நடந்த அன்று தானே அறுத்து எடுத்து வைத்திருந்த கம்பியை மேசைமேல் போட்டார்.

"இந்தக் கம்பி சார்."

யாரும் கவனக்குறைவு என்று சொல்லவில்லையாம். பராமரிப்பு ஆள் தரையைப் பார்த்தாராம். கட்டச் சொன்னவர் டிவியைப் பார்த்தாராம். கையெழுத்தில்லாத கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். காரணக் கட்டத்தை மாற்றினார்கள். நஷ்ட ஈட்டு மனு தொழிற்சாலை முத்திரையோடு போனது. நாலு இப்போது பேக்கிங்கில் இருக்கிறாள். அங்கே நம்பர் இல்லாததால் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்ததாக அண்ணன் சொல்கிறான். அண்ணி அந்த இரண்டாவது வரியை டிவியிலிருந்து போனில் படம் பிடித்து எனக்கு அனுப்பியிருந்தார். அழிக்காமல் வைத்திருக்கிறேன். அதிலும் வரி நீளம்தான், அதிலும் கடைசியில் மூன்று புள்ளிகள். கம்பி தெரிகிறது, கதவு தெரிகிறது, இரண்டு நாள் தெரிகிறது. அவள் விரல்கள் அந்தப் புள்ளிகளுக்கு அந்தப்பக்கம் இருக்கின்றன.