வெரகுந்துவின் வலது கை

முச்சந்தித் தெய்வத்தின் மாடம் வந்ததும் வெரகுந்துவின் வலது கை தானாக எழுகிறது. விரல் நுனிகள் உதட்டைத் தொட்டு, சிலையை நோக்கி ஒரு முத்தத்தை அனுப்புகின்றன. அப்புறம்தான் அவருக்கு நினைவு வருகிறது. இடது கையால் அந்தக் கையில் ஓர் அடி. “முத்தம் போச்சா, தம்பி?” என்று என்னைக் கேட்கிறார். போயிற்று என்று மூன்று வருடமாக நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ரோமில், ஆற்றுக்கு அக்கரையில், எங்கள் பகுதிக்கெல்லாம் அவர்தான் கதவுத் தச்சர். கதவுக்கு ஒரு தெய்வம், கீலுக்கு ஒன்று, வாசற்படிக்கு ஒன்று என்பது ஊர் நம்பிக்கை. கிறிஸ்துவிடம் வந்தவர் இவற்றை விட்டாக வேண்டும். இவரோ படியை மிதிக்குமுன், “கொஞ்சம் பொறுத்துக்க சாமி” என்கிறார். கேட்டால், “கும்பிடலப்பா, சொல்லிட்டு மிதிக்கிறேன், அவ்வளவுதான்” என்பார்.

இதை யாராவது பார்த்துவிட்டுச் சபை மூப்பரிடம் சொல்லிவிடுகிறார்கள். ஆண்டுதோறும் பஸ்கா பண்டிகையில் தரும் ஞானஸ்நானம் இவருக்கு இரண்டு வருடமாகத் தள்ளிப்போகிறது. ஞானஸ்நானம் பெறாதவர்கள் ஆராதனையின் பாதியில் எழுந்து வெளியேற வேண்டும். மனைவியை உள்ளே விட்டுவிட்டு, தானே செய்து மாட்டிய கதவைத் தானே சாத்திக்கொண்டு, வாரா வாரம் அவர் வெளியே நிற்கிறார்.

அவர் நடத்தைக்குச் சபையில் சாட்சி சொல்ல வேண்டியவன் நான். அடிமையாக இருந்து விடுதலை பெற்றவரின் மகன்; எங்கள் வீட்டில் முதன்முதலாக ஏடு தொட்டவன். அவர் கையைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. படிப்பு எனக்குக் கொடுத்தது இந்த எரிச்சலை மட்டும்தானோ என்று சில நாள் தோன்றும்.

ஏனென்றால் பெரிய காரியங்களில் அவருக்குத் தயக்கமே கிடையாது. கொள்ளைநோயில் எதிர்வீட்டு ரொட்டிக்காரரை அவருடைய பிள்ளைகளே தெருவில் கிடத்தியபோது, இவர் முதுகில் சுமந்துபோய்க் கஞ்சி ஊட்டினார். குப்பைமேட்டில் யாரோ போட்டுவிட்டுப் போன பெண் சிசுவை மேல்துணியில் சுற்றி எடுத்துவந்தார். “அழுதுச்சு. எடுத்தேன்.” விளக்கம் அவ்வளவுதான். அதே காலையில் அதே மேட்டை நானும் கடந்தேன். அழுகை எனக்கும் கேட்டது.

நேற்று ஞானஸ்நானத்துக்கு முந்தைய விசாரணை. விதவைகளைக் கவனித்தாரா, நோயாளிகளைப் போய்ப் பார்த்தாரா என்று மூப்பர் ஒநேசிமு கேட்டார். பார்த்தார் என்றேன். பழைய தெய்வங்களை விட்டுவிட்டாரா என்றார். நான் தயாரித்து வைத்திருந்த பேச்சு எங்கேயோ போய்விட்டது.

“அவர் விட்டுட்டாருங்கய்யா. கைதான் இன்னும் விடல.”

மூப்பர் சிரிக்கவில்லை. “வாங்க, முச்சந்தி வரைக்கும் நடப்போம்” என்று எங்கள் இருவரையும் அழைத்து எழுந்தார்.

மாடம் நெருங்கியது. வெரகுந்து வலது மணிக்கட்டை இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டார். கடந்துவிட்டார். எனக்கு மூச்சு வந்தது. பத்தடி போயிருப்போம், நின்றார். என்னவோ மறந்தவர்போலத் திரும்பி நடந்தார்.

“இனிமே இந்தப் பக்கம் வந்தா கண்டுக்க மாட்டேன்” என்று சிலையிடம் சொன்னார். “மனசுல வச்சுக்காத. நீ ஒரு தப்பும் பண்ணல.”

மூப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கண்களை மூடிக்கொண்டேன். திறந்தபோது, வெரகுந்துவின் விரல் நுனிகள் உதட்டில் இருந்தன.