நாற்பது பார்வையாளர்கள்

கூலிம் தொழிற்சாலையில் வேலை போனதும் ஏர்கோன் எனும் குளிரூட்டிகளைப் பழுதுபார்க்கும் தொழில் தொடங்கி, ஓர் இணையதளமும் வைத்தேன். அதற்காகப் போன வகுப்பில், "ஊர்ப் பெயரப் போடுங்க, ஆளுங்க தேடுற கேள்விக்குப் பதில் எழுதுங்க, அப்பதான் தேடும்போது உங்க பக்கம் மேல வரும்" என்றார்கள். எழுத எனக்குப் பொறுமை இல்லை. கோயில் திருவிழாவுக்கு ஆள் திரட்டுவதுபோல் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கட்டளை போட்டேன்: "தினமும் ஒரு தடவ என் பக்கத்தத் திறந்து பாருங்க லா. கூட்டம் இருந்தாத்தான் மேல போகும்."

ரப்பர் தோட்டத்தில் குடியிருந்த சித்தப்பா உடனே பதில் அனுப்பினார்: "சாமி கும்பிட்டதும் பாத்துடுறேன்யா."

தினம் நாற்பது பேர் வந்ததாக எண்ணிக்கை காட்டியது. சொந்தக்காரர்களில் பாதிப் பேர் பார்த்தாலே பெரிது, மீதி வாடிக்கையாளர்கள் என்று நம்பினேன். ஆனால் தொலைபேசி ஒலிக்கவே இல்லை. பார்த்துவிட்டு ஏன் கூப்பிடாமல் போகிறார்கள் என்று மனைவியிடம் எரிந்து விழுந்தேன். விலையைக் குறைத்தேன். ஊரையே திட்டினேன்.

மழைக்காலத்தில் ஒருநாள் இரவு சித்தப்பா இறந்துபோனார். அலோர் ஸ்டார், யான் ஆகிய ஊர்களிலிருந்து சொந்தக்காரர்கள் எல்லோரும் விடிவதற்குள் தோட்டத்துக்கு வந்துவிட்டார்கள். அடக்கம் முடிந்து, குளித்து, பழக்கதோஷத்தில் கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன். அன்றைய பார்வையாளர்கள், பூஜ்ஜியம்.

ஒருவர்கூட விடாமல் நான் சொன்னதைச் செய்திருக்கிறார்கள். என் இணையதளத்துக்கு வந்துகொண்டிருந்த மொத்தக் கூட்டமும் அன்று சித்தப்பாவின் சவப்பெட்டியைச் சுற்றி நின்றிருந்தது.

மறுநாள் அவரவர் வீட்டுக்குத் திரும்பினார்கள். அதற்கடுத்த நாள் எண்ணிக்கையைப் பார்த்தேன். முப்பத்தொன்பது.