ஊருக்கெல்லாம் எழுதிய வரி

உலகத்தில் துக்கம் விசாரித்த அத்தனை பேரும் அவளுடைய வார்த்தைகளில்தான் விசாரித்தார்கள். சரி, உலகம் என்பது கொஞ்சம் அதிகம்தான். என் வாய்க்கு அளவு தெரியாது. வாழ்த்து அட்டைக் கம்பெனியின் வண்டி போகிற ஊர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கம்பெனியில் இருபத்தாறு வருடம் இரங்கல் அட்டைகளுக்கு வரி எழுதினாள். பிறந்தநாள் பிரிவுக்காரர்கள் அவளுக்கு ‘அனுதாபக்கா’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

“அனுதாபக்கா, இன்னைக்கு யாரைச் சாகடிச்சீங்க?”

“உங்க ஜோக்கைத்தான். ஏற்கெனவே இழுத்துக்கிட்டுதானே கிடந்துச்சு?”

அவள் எழுதியதில் ஒரு வரி மட்டும் வருடம் தவறாமல் அச்சுக்குப் போனது. ‘நாங்கள் தூங்கும்வரை விழித்திருந்தவர், இன்று எங்களுக்கு முன்பே தூங்கிவிட்டார்.’ வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எழுதியது. எங்கிருந்து பிடித்தாள் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அண்ணன் திடீரென்று போய்ச் சேர்ந்தபோது அவள் காலில் மாவுக்கட்டோடு கிடந்தாள். ஒரு பகல் முழுக்க ரயிலில் போக வேண்டிய தூரம். கடிதமாவது எழுதலாமென்று உட்கார்ந்தால், எதை எழுதினாலும் அது எந்த அட்டையில் வந்தது என்று ஞாபகம் வந்து தொலைத்தது. நாலு தாளைக் கசக்கிப் போட்டாள். கடைசியில் மனசில் இருந்ததையே எழுதி அனுப்பினாள். அந்த வரிதான்.

அண்ணி போன் செய்தாள்.

“ஏம்மா, இதே வரியில என் மேஜை மேல ஆறு கார்டு கிடக்கு. கூடப் பிறந்தவனுக்குன்னு உனக்கு ஒண்ணும் தோணலையா?”

“அது நான் எழுதினதுதான் அண்ணி.”

“அதைத்தான் சொல்றேன். ஊருக்கெல்லாம் எழுதினது.”

போன் வைக்கப்பட்டுவிட்டது. அதன்பிறகு எத்தனை முறை கூப்பிட்டும் அண்ணி எடுக்கவில்லை. இனி அந்த வீட்டில் தனக்கு இடமில்லையோ என்ற பயம் அவளுக்கு வந்தது. அண்ணனை நினைத்துப் பேச மிச்சமிருந்த ஒரே ஆள் அண்ணிதான்.

கட்டைப் பிரித்ததும் கைத்தடியோடு போய் இறங்கினாள். அண்ணி தண்ணீர் கொடுத்தாள், முகம் கொடுக்கவில்லை.

“அம்மா போனப்ப எனக்கு அஞ்சு வயசு அண்ணி. இருட்டுன்னா அலறுவேன். நான் தூங்குற வரைக்கும் அண்ணன் தூங்க மாட்டான். கண்ணு சொக்கிடக் கூடாதுன்னு பென்சிலைக் கூராச் சீவி வெச்சுக்கிட்டுத் தொடையில குத்திக்குவான். அவனுக்கே அப்ப பத்து வயசு.”

அண்ணி திரும்பினாள்.

“இடது தொடையா?”

“ஆமா.”

“நீலமா மூணு புள்ளி இருக்கும். மச்சம்னுதான் என்கிட்ட சொல்லியிருந்தாரு.”

முப்பத்தொரு வருடம் கூட வாழ்ந்தவளுக்கு அது மச்சமில்லை என்று இப்போதுதான் தெரிந்தது. உள்ளே போய், தலையணைக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்த நாத்தனாரின் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தாள்.

இந்தக் கதையை எழுதி நான் வாசித்துக் காட்டும்போது எதிரே உட்கார்ந்திருந்த அண்ணி தலையை ஆட்டினாள்.

“கடிதமெல்லாம் இல்ல. போன் பண்ணின அன்னைக்கே கிழிச்சுப் போட்டுட்டேன். தலையணைக்கு அடியில இருக்கிறது அதே வரி அச்சடிச்ச கடை கார்டு, அந்த ஆறுல ஒண்ணு. கீழே யாரோ ஒரு பேங்க் மேனேஜர் கையெழுத்து.”